சக்ஷன் கப்புக்கு ஒரு பொன்னாடை

மாணவர் ரோபோ போட்டிகளில் கொக்கிக்குக் கைதட்டுகிறார்கள், உருளைக்குக் கைதட்டுகிறார்கள், நாலு காசு பெறாத ரப்பர் பட்டைக்குக்கூடக் கைதட்டுகிறார்கள். காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் சக்ஷன் கப்பை மட்டும் மேடைக்கு அழைத்து மரியாதை செய்தவர் எவருமில்லை. அந்தக் குறையை இன்றைக்குத் தீர்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.

அமெரிக்காவில் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு 1992 முதல் பள்ளி மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்தி வருகிறது. ஜனவரி பிறந்தால் புது ஆட்டத்தை அறிவிப்பார்கள். 2019இன் ஆட்டத்துக்கு ‘டெஸ்டினேஷன்: டீப் ஸ்பேஸ்’ என்று பெயர். விண்கல வாசலை மூடும் கதவாக ஒரு வட்டத் தட்டு: பாலிகார்பனேட்டில் செய்தது, விட்டம் 19 அங்குலம், நட்ட நடுவில் 6 அங்குல ஓட்டை. ரோபோ அதை எடுத்துப்போய் ராக்கெட்டின் வாசலில் வைத்து அழுத்தினால் வெல்க்ரோ பிடித்துக்கொள்ளும். தட்டுக்கு 2 புள்ளி.

அந்த ஓட்டையைப் பார்த்ததும் அவசரக்காரர்களுக்கு என்ன தோன்றும்? உள்ளே விரலை விடு, விரி, தூக்கு. அப்படித்தான் செய்தார்கள் பல அணியினர். ஒரு சின்ன நியூமேட்டிக் சிலிண்டர், கிளி மூக்கு மாதிரி விரியும் இரண்டு துண்டு, முடிந்தது வேலை. ஒரு வாரத்தில் இயந்திரம் தயார். மீதி நாளெல்லாம் ஓட்டிப் பழகுவது. இதிலென்ன கலை இருக்கிறது? போட்டி அமைப்பாளர்கள் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள் என்பதற்காக அதிலேயே கையை விடுவது பண்பாகுமா? சக்ஷன் கப் அணியினர் அப்படிச் சிறுமைப்பட்டுப் போகவில்லை. ஓட்டையைத் தொடாமல், அதைச் சுற்றி மிஞ்சிய ஆறரை அங்குல அகல வளையத்தில் நாலு கப்பை வைத்து, பின்னால் ஒரு பம்ப்பையும் குழாயையும் இழுத்துவிட்டார்கள். எளிதாகக் கிடைத்ததை வேண்டாமென்று தள்ளும் அந்த வைராக்கியம் எத்தனை பேருக்கு வரும்!

கப்பின் பலத்தையும் சொல்ல வேண்டும். 1650களில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்து ஓட்டோ ஃபான் குவெரிக்கே இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்டார், பிரியவில்லை. அந்தப் பரம்பரையில் வந்தது நம் கப். 10 செ.மீ. விட்டமுள்ள கப் ஒன்று முழு வெற்றிடத்தில் 81 கிலோவைத் தாங்கும். காகிதத்தில் தாங்கும் என்று சொல்கிறேன். அணியின் விளக்கப் படத்திலும் அந்த 81 பெரிய எழுத்தில் இருக்கும். முழு வெற்றிடத்தை எந்தச் சின்ன பம்ப்பும் தராது. பாதி தந்தாலே 40 சொச்சம்தான். தட்டை நிமிர்த்திப் பிடித்தாலோ கணக்கு இழுவிசையிலிருந்து உராய்வுக்கு மாறிவிடும். கப் விற்பவர்களே அதற்கு நாலு மடங்கு பாதுகாப்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்த அற்ப விவரங்களைச் சொல்லி மாணவர்களின் உற்சாகத்தைக் கெடுக்க நமக்கு மனமில்லை. இன்னொன்று: கப் எதையும் இழுப்பதில்லை, வெளிக்காற்றுதான் அழுத்துகிறது. ஆகவே கொலராடோ மாநிலத்தின் டென்வரில், 1,600 மீட்டர் உயரத்தில் போட்டி நடந்தால் கப் தன் விசுவாசத்தில் ஆறில் ஒரு பங்கைக் கீழேயே விட்டுவிட்டு வரும். ஊருக்கேற்றபடி நடந்துகொள்ளும் பணிவை வேறெந்தக் கருவியிடம் பார்க்க முடியும்?

அதன் ஒற்றுமை உணர்வு அதைவிட உயர்ந்தது. நாலு கப்பும் ஒரே குழாயில் சேர்ந்து ஒரே பம்ப்புக்குப் போகின்றன. மூன்று ஒட்டிக்கொண்டு ஒன்று மட்டும் விளிம்பில் தவறினால், பம்ப் அந்தத் தவறிய கப்பின் வழியாக அரங்கத்துக் காற்றை முழுக்க உறிஞ்சத் தொடங்கும். மற்ற மூன்றும் தோழனுக்கு நேர்ந்தது தமக்கும் நேரட்டும் என்று பிடியை விட்டுவிடும். காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வைக் கிளைக்கொன்றாகப் போட்டு இந்தத் தோழமையைக் கெடுப்பவர்களும் உண்டு. நல்லவேளை, அவர்கள் சிறுபான்மையினர்.

பம்ப்பின் கதை தனி. கடையில் வாங்கிய பம்ப்பை அப்படியே மாட்ட முடியாது. அனுமதித்த மோட்டார்களின் பட்டியல் ஒன்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. மோட்டாரைக் கழற்றி, பட்டியலில் உள்ள வேறொன்றைப் பொருத்த அச்சு கடைந்து, தட்டு வெட்டி, திருகு முடுக்கி, கட்டுமானக் காலத்தில் ஒரு நல்ல பங்கைக் கழிக்கலாம். பிள்ளைகள் கடைசல் கற்றுக்கொள்வார்கள், லாபம்தானே. பம்ப் வேண்டாமென்றால் வெஞ்சுரி இருக்கிறது. கம்ப்ரசர் மூச்சிரைக்க ஓடி 120 பி.எஸ்.ஐ.க்கு அடைத்து வைத்த காற்றை, 60க்குக் குறைத்து, ஒரு மெல்லிய துளை வழியே சீறவிட்டு வெளியே கொட்டினால், பக்கவாட்டில் கொஞ்சம் வெற்றிடம் பிறக்கும். ஒன்றுமில்லாததை உண்டாக்க இவ்வளவு செலவு செய்யும் துணிச்சல் அரசாங்கங்களுக்கே அமைவது.

மின்சாரத்தையும் மறக்கலாமா? எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. ரோபோ தட்டைப் பிடித்துக்கொண்டு முழு வேகத்தில் பாயும்போது மின்னழுத்தம் சரியும், 6.3 வோல்ட்டுக்குக் கீழே போனால் 2019இன் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டார்களின் மின்சாரத்தை நிறுத்தும். பம்ப்பும் நிற்கும். வண்டியும் தட்டும் ஒரே நேரத்தில் ஓய்வெடுக்கும்.

ஒரு கப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மென்மையான உதட்டைச் சுற்றி ஆடுகளக் கம்பளத்தின் பிசிறு ஒட்டியிருக்கும், இழை இழையாக. ஒவ்வோர் இழைக்கும் பக்கத்தில் காற்று நுழைய ஒரு மயிரிழைச் சந்து. இரண்டு ஆட்டத்துக்கு நடுவே ஒரு மாணவி ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ரோபோவில் குளிப்பாட்டி விட வேண்டிய உறுப்பு அது ஒன்றுதான்.

இப்போட்டியின் பிதாமகர்களில் ஒருவரான எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ், எதிரணியையும் மதித்து ஆடச் சொன்னவர். அவர் சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பது சக்ஷன் கப்தான். எதிரணி ரோபோ பம்ப்பரால் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும், தட்டை அங்கேயே சமர்ப்பித்துவிடும். அதே தட்டை வெல்க்ரோவில் ஒட்டிவிட்டுத் திரும்ப வேண்டிய இடத்திலோ விடாது! பம்ப்பை நிறுத்தினாலும் குழாய்க்குள் வெற்றிடம் மிச்சமிருக்கும். ரோபோ பின்வாங்க, வாசலில் ஒட்டிய கதவும் கூடவே வந்துவிடும். 2 புள்ளியைப் போட்டுவிட்டுத் தானே திருப்பி எடுத்துவரும் நேர்மையைக் கொக்கியிடம் எதிர்பார்க்க முடியுமா?

அந்த 2019 ஆட்டத்திலேயே சில அணிகள் சக்ஷன் கப்பால் 19 அங்குல உயர மேடையில் ரோபோவையே ஏற்றி 12 புள்ளி வாங்கின என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. அங்கே வழவழப்பான தளம், கொக்கி மாட்ட இடமில்லை. பெரிய கப், தனித்தனி இணைப்பு, அழுத்தம் காட்டும் சென்சார், அளவு வந்த பிறகே தூக்கு என்ற கட்டளை. கணக்குப் போட்டுச் செய்த அந்த அணிகளால் நம் கட்சிக்குப் பெருத்த அவமானம். கண்ணாடித் தொழிற்சாலைகளிலும் அட்டைப்பெட்டி அடுக்கும் கூடங்களிலும் இதே கப் பகலிரவாகப் பிடித்து விடுகிறது. தவறுவதில்லை, ஆகையால் யாரும் படம் எடுப்பதுமில்லை.

அடுத்த ஜனவரியில் அறிவிப்பு வந்ததும் நாலு கப்புக்கு ஆர்டர் போடத் துடிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். பொருளைக் கையில் எடுத்து, அதில் ஓட்டை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தும் கப்தான் என்றால், காற்றை உள்ளே விடும் வென்ட் வால்வ் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.