ஓக் கஷாயம்: சாப்ளி வெள்ளை ஒயினின் மூலப்பொருள் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஒயின் திராட்சையிலிருந்து உண்டாகிறது என்பது அறிஞர் உலகம் ஆராயாமலே ஏற்றுக்கொண்டுவிட்ட கருத்துகளில் ஒன்று. சிவப்பு ஒயினைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இக்கட்டுரையின் எல்லை அதுவன்று. பிரான்சில் பர்கண்டி வட்டாரத்தின் வடகோடியில், செரேன் ஆற்றங்கரையில் சாப்ளி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஷார்டனே திராட்சையிலிருந்து எடுக்கும் வெள்ளை ஒயின், அதிலும் ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்து வெளிவரும் வகை மட்டுமே இங்கே ஆய்வுப்பொருள். அந்த ஒயினுக்கு மூலமருந்து மரம்தான், திராட்சைச் சாறு வெறும் அனுபானம் என்பதே நிறுவப்பட வேண்டிய துணிபு.

சுவைத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுதிவைக்கும் குறிப்புகள் முதற்சான்று. ஓக்கில் வளர்ந்த வெள்ளை ஒயினைப் பற்றிய குறிப்பு எதை எடுத்தாலும் வெனிலா வரும், கிராம்பு வரும், தேங்காய் வரும், வாட்டிய ரொட்டியும் புகையும் வெண்ணெயும் வரும். திராட்சை மட்டும் வராது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள் என்று ஒன்றிரண்டு பழங்கள் எட்டிப்பார்க்கும். அவையும் வேறு பழங்கள். வேதியியலார் இந்த மணங்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் மரத்தடியில்தான் போய் நிற்கிறார்கள். வெனிலின், ஓக்கின் லிக்னின் சிதைவதால் வருவது. தேங்காய் மணத்தைத் தருவது ஓக் லாக்டோன். கிராம்புக்குக் காரணமான யூஜெனால், கிராம்பில் இருக்கிற அதே பொருள்தான். பீப்பாயின் உட்புறத்தைத் தணலில் வாட்டும்போது குவாயகால் பிறந்து புகை மணம் தருகிறது. வெண்ணெயை மட்டும் மரத்தின் கணக்கில் எழுத முடியாது என்பதை நேர்மை கருதிச் சொல்லிவிட வேண்டும்: ஒயினின் கடுமையான மாலிக் அமிலத்தை பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் வேளையில் உண்டாகும் டையசிட்டைல்தான் அது. ஆகவே பாக்டீரியாவுக்கும் சொத்தில் ஒரு பங்கு உண்டு. திராட்சைக்கு இதுவரை எதுவும் தேறவில்லை.

அடுத்தது வளர்ப்பு. இயற்கை திராட்சைக்கு ஒரு நியாயமும் மரத்துக்கு வேறொரு நியாயமும் வழங்கியிருப்பது கவனிக்கத்தக்கது. சாப்ளியில் ஏப்ரல் மாதக் கடைசியில்கூட உறைபனி விழும். துளிர்த்த மொட்டுகளைக் காப்பாற்ற இரவெல்லாம் வரிசைக்கு வரிசை மெழுகு விளக்கு ஏற்றுகிறார்கள். சில தோட்டங்களில் நீரைத் தெளித்து, மொட்டுகளைப் பனிக்கட்டிக்குள்ளேயே பொதிந்துவிடுகிறார்கள். நீர் உறையும்போது விடும் வெப்பம் மொட்டைக் கருகவிடாமல் காக்கிறது. இத்தனை சீராட்டலுக்குப் பிறகும் அப்பழம் புளிப்பு மிகுந்தும், சில ஆண்டுகளில் இனிப்புப் பற்றாமலும் வந்து சேர்கிறது. அப்போது நொதிக்கும் சாற்றில் சர்க்கரை சேர்த்துக்கொள்ள பர்கண்டி விதிகள் அளவோடு இடம் தருகின்றன. சர்க்கரை சேர்க்க வேண்டிய நிலையில் இருப்பதை முதற்பொருள் என்பது எந்த ஊர் வழக்கு? மரத்தின் கதையே வேறு. மத்திய பிரான்சில் அலியே பகுதியிலுள்ள துரோன்சே காட்டில் ஓக் மரங்கள் நெருங்கி நின்று வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு, நிதானமாகப் பருத்து, நெருக்கமான ரேகை கொள்கின்றன. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1669இல் காடுகளுக்குச் சட்டம் வகுத்துக் காத்தது போர்க்கப்பல் கட்ட. கப்பல் இரும்புக்கு மாறிவிட, மரம் ஒயினுக்கு வந்தது. நூற்றைம்பது, இருநூறு ஆண்டு நின்ற மரத்தை வெட்டுகிறார்கள். ரம்பத்தால் அறுத்தால் பீப்பாய் ஒழுகும் என்பதால் ரேகை ஓடும் வழியிலேயே பிளக்கிறார்கள். கட்டையின் பெரும்பகுதி இதில் வீணாகிறது. மிஞ்சிய பலகைகளை இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் அடுக்கிவைத்துக் கசப்பை இறக்குகிறார்கள். மூலிகையைச் சுத்தி செய்கிற வைத்தியனின் பக்குவம் இது. பாத்திரத்துக்கு யாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை.

இங்கே எதிர்வாதிகள் எழுவார்கள். பீப்பாய் கொள்கலம்தான், கொள்ளப்படுவதே சரக்கு என்பது அவர்களின் முதல் தடை. புதிய பீப்பாய் ஒன்றின் விலை பல நூறு யூரோ. நாலைந்து அறுவடைக்குள் அதன் மணம் வற்றிவிடுகிறது. பாத்திரம் தேயும், நசுங்கும், ஓட்டையாகும், தீர்ந்துபோகாது. தீர்ந்துபோவது சரக்கின் இலக்கணம். டீயில் பெரும்பகுதி பாலும் தண்ணீரும்தான் என்றாலும், சாரத்தைக் கொடுத்துவிட்டுச் சக்கையாகிற இலையையே நாம் முதற்பொருளாகக் கருதுகிறோம். பீப்பாய்க்கு மட்டும் வேறு நீதி எதற்கு?

இரண்டாவது தடை வலுவானது, மழுப்ப முடியாது. லூயி மிஷெல் நிறுவனத்தார் பல பத்தாண்டுகளாக எஃகுத் தொட்டியில் மட்டுமே ஒயினை வளர்க்கிறார்கள், அதுவும் சாப்ளிதான், நன்றாகவும் இருக்கிறது. இன்னொரு பக்கம் ராவ்னோ குடும்பத்தார் மணம் போன பழைய பீப்பாய்களையே பெரிதும் கையாள்கிறார்கள். 132 லிட்டர் கொள்ளும் அவ்வூர்ச் சிறு பீப்பாயும் அங்கே இன்னும் புழக்கத்தில் உண்டு. சாப்ளியிலேயே ஆக உயர்ந்த மதிப்பு பெற்றவற்றுள் அவர்களுடைய ஒயினும் ஒன்று. மரம் எதுவும் தராதபோது மரம் எப்படி மூலமாகும்? மிஷெல் வீட்டுச் சரக்கு நம் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறது. அதை மரியாதையோடு அங்கேயே விட்டுவிடலாம். ராவ்னோ பீப்பாய்க்கு விடை வேண்டும். மணம் வற்றினாலும் மரத்தின் நுண்துளைகள் வற்றுவதில்லை. அவற்றின் வழியே காற்று சிறுகச் சிறுக உள்ளே போய் ஒயினைப் பதப்படுத்துகிறது. அதே வழியில் ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது, குறைந்ததை அவ்வப்போது ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மாதாமாதம் ஊதியம் வாங்குகிற ஒன்றைச் சாதாரணப் பாத்திரம் என்று எப்படிச் சொல்வது?

தேர்ந்த நாக்கு ஷார்டனேயை எந்த மரத்துக்கு நடுவிலும் அடையாளம் கண்டுவிடும் என்பது மூன்றாவது தடை. போர்தோவில் ஒயினியல் மாணவர் 54 பேரிடம் வெள்ளை ஒயினுக்குச் சிவப்புச் சாயமேற்றிக் கொடுத்தார்கள்; அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். ஆய்வு வெளியானது 2001இல். இத்தடைக்கு இதற்கு மேல் இடம் ஒதுக்கத் தேவையில்லை. நான்காவதாக வருபவர்கள் மண்வாதிகள். சாப்ளியின் கிம்மெரிட்ஜிய மண்ணில் சிப்பிப் புதைபடிவங்கள் கிடக்கின்றன, அந்தச் சிப்பிதான் ஒயினில் சுவைக்கிறது என்பது அவர்கள் கட்சி. கல்லின் சுவை வேர் வழியாகக் கோப்பைக்கு ஏறாது என்று நிலவியலாரே மறுத்துவிட்டார்கள். ஏறும் என்று வைத்துக்கொண்டாலும் பங்கு சிப்பிக்குத்தான் போகும், திராட்சைக்கு அல்ல.

ஐயம் இன்னும் தீராதவர்கள் 2006ஆம் ஆண்டைப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் ஓக் சீவல்களை ஒயினில் ஊறப்போட அனுமதித்தது. அதுவரை ஒயினை மரத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர், எஃகுத் தொட்டியில் ஒயினை நிறுத்தி மரத்தை அதற்குள் விடத் தொடங்கினார்கள். பாத்திரம் போய்விட்டது, மரம் போகவில்லை. கஷாயம் என்பதை இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ள முடியாது.

சாப்ளி என்ற பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. புட்டியின் முகப்பில் ஊரும் தோட்டமும் திராட்சை பறித்த ஆண்டும் அச்சாகின்றன. ஓர் ஆண்டு மட்டும் வெயிலில் நின்ற பழத்துக்குக் கிடைக்கிற இந்த மரியாதை, இருநூறு ஆண்டு நின்ற மரத்துக்கு இல்லை. அடுத்த முறை விதிகளைத் திருத்தும்போது மரத்தின் வயதையும் காட்டின் பெயரையும் முகப்பிலேயே, திராட்சைக்கு மேலே, அச்சிடும்படி உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பாக்டீரியாவின் பெயரைப் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டால் போதும்.