350 ரூபாய்க் கத்தியை 3,500 ரூபாயில் மீட்பது எப்படி?

முதலில், உங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு கத்தியை வாங்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பீங்கான் ஜாடிக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் நடுவே, சாவியில்லாத பூட்டுகளோடு ஒரு டப்பாவில் கிடக்கும் அது. மடக்குச் சவரக்கத்தி.

அலகின் கழுத்தில் ஊர்ப் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும்தான் சவரக்கத்திக்காரர்களின் காசியும் ராமேஸ்வரமும். சோலிங்கன் பெயரை வெளியூர்க்காரர்கள் பொறிக்கக் கூடாது என்று ஜெர்மனியில் 1938-இல் சட்டமே போட்டார்கள். என் கத்தியில் துரு தின்றது போக நடுவில் ‘லிங்’ மட்டும் மிஞ்சியிருந்தது. “சிவன் பேரு போட்ட கத்தி சார், விட்றாதீங்க” என்றார் கடைக்காரர். அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. 350 ரூபாய். மதுரையிலிருந்து போய்வந்த பஸ் செலவு 220 தனி.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகளை வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். அலகின் பக்கவாட்டில் துருக்குழி இருந்தால் பரவாயில்லை; வாய் ஓரத்தில் இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் பல் பல்லாகத்தான் வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு, அலகை நகத்தால் சுண்டிப் பார்க்க வேண்டும். வெண்கலப் பானை வாங்கும்போது பாட்டி செய்வாளே, அதே வித்தைதான். கணீரென்றால் எடுக்கலாம்.

துரு இளக மண்ணெண்ணெய் போதும். அலகு மட்டும் நனையும்படி ஒரு ராத்திரி ஊறட்டும். வீட்டு டம்ளரில் ஊறவைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்த டம்ளர் இன்னும் பால்கனியில் தனிக்குடித்தனம் நடத்துகிறது. பிறகு ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர், 400-இல் தொடங்கி 2000 வரை ஆறு தாள், 120 ரூபாய். முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வெளியே தள்ளியே தேய்க்க வேண்டும். ஒரே ஒரு முறை எதிர்ப்பக்கம் தேய்த்தால் காரணம் தானே விளங்கும்.

இந்த நேரம் பார்த்துத் தெருவில் “கத்தி சாணை பிடிக்கிறதேய்...” என்று சைக்கிள் வரும். ஐம்பது ரூபாயில் காரியம் முடிந்துவிடுமே என்று சபலம் தட்டும். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அரிவாள்மனைக்கு அவர்தான் வைத்தியர். ஆனால் சவரக்கத்தியின் இரு பக்கமும் உள்வளைவாகக் குடைந்து, வாய் தாள்போல மெலிந்திருக்கும். சக்கரத்தில் பொறி பறந்தால் அந்த மெல்லிய இரும்பு சூடேறி நீலம் பாரித்துவிடும். நீலம் வந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம். அப்புறம் அது வெண்ணெய் தடவத்தான்.

கைப்பிடியை விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. அந்தக் காலத்து சினிமா பிலிமும் இதே சரக்குதான். கற்பூரம் கலந்தே செய்தார்கள், கற்பூரம்போலவே பற்றிக்கொள்ளும். “ஏங்க, பூஜை ரூமை நான் இன்னும் திறக்கவே இல்லையே?” என்று மனைவி மோப்பம் பிடித்து வந்தபோதுதான் கத்தி வாங்கிய விஷயம் வெளியே வந்தது.

அடுத்தது தீட்டுவது. இதற்குள் நீங்கள் சிக்கனத்தில் ஊறியிருப்பீர்கள். கண்ணாடிக் கடையில் தடிமனான துண்டு வாங்கி, அதன்மேல் வாட்டர் பேப்பரை ஒட்டினால் கல்லே வேண்டாம் என்பார்கள். வாங்கினேன், 180. திருப்தியில்லாமல் ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்றிருக்கும் கல்லையும் வாங்கினேன், 1,400. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும். கோணத்தை முதுகின் தடிமனே பார்த்துக்கொள்ளும். நாம் அழுத்தாமல் இருந்தால் போதும். அதுதான் கஷ்டம்.

கல்லுக்குப் பிறகு கத்தியைத் தோல்வாரில் இழுத்துப் பதமாக்க வேண்டும். கல்லில் வாய் முன்னே போகும், தோல்வாரில் முதுகு முன்னே போகும். இந்த ஒரு வரியை மறந்ததால் 950 ரூபாய்த் தோல்வார் மூன்றாவது இழுப்பிலேயே இரண்டாகிவிட்டது. அதில் தடவ வாங்கிய பச்சைப் பசை 280 ரூபாய், இன்னும் மூடி திறக்கவில்லை.

துண்டுத் தோலோடு எங்கள் தெருமுனை சலூனுக்குப் போனேன். இப்போது அங்கே பிளேடை இரண்டாக உடைத்து மாட்டுகிற கத்திதான். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு ஆளுக்கொரு புது பிளேடு. ஆனாலும் அந்தப் பெரியவர் கண்ணாடிக்குப் பின்னால் தன் அப்பாவின் கத்தியை வைத்திருந்தார். என் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். இடது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போன சதைமேல் அதைப் படுக்க வைத்து, முதுகை முன்னே விட்டு இழுத்தார். முதுகிலேயே புரட்டித் திரும்ப இழுத்தார். பத்துப் பன்னிரண்டு தடவை. சத்தமே இல்லை.

“பெல்ட்டெல்லாம் எதுக்கு தம்பி? கை எங்க போச்சு?”

காசு வாங்கவில்லை. வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். அந்தச் சதை காய்க்க அவருக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு தலைமுடியைத் தொங்கவிட்டு வாயில் தொட வேண்டும். தொட்டதும் அறுந்தால் சரி. “உங்க தலையில எடுக்க வேண்டியதுதானே?” என்றாள் மனைவி. இருப்பதை வைத்து இரண்டு முறைதான் சோதிக்க முடிந்தது.

முகத்தில் வைக்கும்போது முப்பது டிகிரி சாய்வு போதும். கன்னத்தில் தொடங்குங்கள், தாடைக்கு வரும்போது மூச்சுவிட மறந்துவிடும். பக்கத்திலேயே படிகாரக்கல்லை நனைத்து வைத்துக்கொள்ளுங்கள். 10 ரூபாய். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.