படமெடுத்த தம்பிகளுக்குப் பாராட்டு

தொண்டு நிறுவனங்களுக்காக விழிப்புணர்வுப் படம் எடுக்க மல்லசமுத்திரத்துக்கு வந்து போகும் தம்பிகளைப் பாராட்டி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. விசைத்தறிக் கூலி, குழந்தைத் திருமணம், தண்ணீர்ப் பஞ்சம் என்று எங்கள் சமவெளியின் எந்தத் துயரத்தையும் நான்கு நிமிடத்துக்குள் அடக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அது லேசான வேலை இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன், இதில் எதுவும் மிகை இல்லை.

அவர்களுக்குக் காது அபாரம். எங்கள் பெரியம்மாவின் தறிப்பட்டறைக்குள் கால் வைத்த உடனே ஒரு தம்பி, "அம்மா, தறியைக் கொஞ்சம் நிறுத்திடுறீங்களா? ஆடியோ சரியா வராது" என்றார். நான்கு தறியும் நின்றன. வீட்டை ஒட்டி சிமென்ட் அட்டை வேய்ந்த கொட்டகை அது. முப்பது வருடமாக நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து அடித்த சத்தத்தில்தான் பெரியம்மாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்தார்கள். அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டுமே என்று அவர் குரலே உரத்துப்போனது. பட்டறைக்குள் யார் பேசினாலும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அன்றைக்குத் தறி நின்ற அமைதியில் அவர் வழக்கமான குரலில் பேச ஆரம்பித்ததும், தம்பிகள் அதையும் கவனித்துவிட்டார்கள். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா, மனசுல இருக்கற கஷ்டம் தெரியணும்." பெரியம்மா மெதுவாகப் பேசினார். படத்தில் தறி ஓடும் காட்சிக்கு இப்போது வயலின் வாசிக்கிறார்கள். நல்ல வாசிப்பு. எனக்கே கண் கலங்கியது.

தறி மூன்று மணி நேரம் நின்றது. பாவு கொடுக்கிற ஜவுளிக்காரர் மீட்டர் கணக்கில்தான் கூலி தருகிறார். தறி நின்றால் கூலியும் நின்றது. கூலி போதாமல் தவிக்கும் நெசவுக் குடும்பங்களைப் பற்றித்தான் படம்.

கண்ணும் கூர்மையான கண். பெரியம்மா விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தலை குளித்து, பேத்தியின் பட்டமளிப்புக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தார். "தினமும் வேலைக்குக் கட்டறது இருக்குமாம்மா? இயல்பா இருக்கட்டும்" என்றார்கள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். அது போதவில்லை, அதைவிடப் பழசு ஒன்று தேடி எடுத்தார். அடுப்படியில் கேஸ் அடுப்பும் அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸியும் கேமராவின் சட்டத்துக்குள் வந்தன; இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். கொல்லையில் வெந்நீருக்காக வைத்திருந்த மூன்று கல்லில் தீ மூட்டச் சொன்னார்கள். கடைசியாக, சுவரில் மாட்டியிருந்த பேத்தியின் பட்டமளிப்பு போட்டோ. ஒரு தம்பி ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு கையாலும் பதனமாக இறக்கித் தன் பை மேல் வைத்தார். ஒரு கீறல் விழவில்லை. போட்டோ இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெளுக்காமல், ஒரு சதுரம் தனி நிறத்தில் தெரிந்தது. ஒரு ஆணி. அதற்கு முன்னால்தான் பெரியம்மாவை உட்கார வைத்தார்கள். அந்த வெறும் சதுரமும் அதன்முன் குனிந்த தலையும் படத்தில் அவ்வளவு அழகாக விழுந்திருக்கின்றன. பத்து வருடம் தொழில் பார்த்த கைக்குத்தான் அது வரும்.

கருவிகளை அவர்கள் பேணுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். பஞ்சு மெத்தை பதித்த பெட்டிக்குள் லென்ஸ்கள் வரிசையாக உறங்கும். வெளியே எடுத்ததும் மெல்லிய துணியால் துடைப்பார்கள். உள்ளே வைக்கும்முன் இன்னொரு தடவை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஔவை பார்த்த வேல்கள் இப்படித்தான் பளபளத்திருக்கும்.

மத்தியானம் பெரியம்மா எல்லோருக்கும் அரிசியும் பருப்பும் சோறு ஆக்கிப் போட்டார். எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் ஆக்குவது அதுதான். நெய்யை அவரே ஊற்றினார். "ஏனுங் தம்பி, வெக்கப்படாம சாப்புடுங்க" என்று இரண்டாம் தடவையும் வைத்தார். தம்பிகளும் குறை வைக்காமல் சாப்பிட்டார்கள். கேமரா அப்போது பெட்டியில் இருந்தது. அது முடிந்து, ஈயக் கிண்ணத்தில் பழைய சோறு போட்டுப் பெரியம்மாவைத் தனியாக உட்காரச் சொல்லி எடுத்தார்கள். நான்கு பேருக்குப் பரிமாறிய கை, படத்தில் ஒரு பச்சை மிளகாயைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறது.

பட்டறைக்குப் பின்னால் மரவள்ளிக் காடு. ஆறு மாதப் பயிர், தலைக்கு மேல் நிற்கிறது. ட்ரோனை ஏற்றி அதையும் எடுத்தார்கள். கணினியில் நிறத்தைத் திருத்துகிற தம்பி யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். படத்தில் அந்தக் காடு காய்ந்த மண்ணின் நிறத்தில் இருக்கிறது. அந்தப் போகத்துக்குக் கிழங்கு விலை கிடைக்காமல் போனது உண்மை. ஆனால் பயிர் காயவில்லை. விலை சரிவதை வானத்திலிருந்து எடுக்க முடியாது, காய்ச்சலை எடுக்கலாம்.

எங்கள் சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்குக் கேமரா புதிது இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த நாளிலிருந்து படம் பிடிப்பவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கூட்டம் பெருகியது பின்னால். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம், அதனால் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறையும் ஏரிக்குத் தூர்வாரலும் கிடைத்த ஊர்கள் உண்டு. பணம் கொடுத்தவருக்குக் கணக்கு காட்ட வேண்டும். கணக்கோடு ஒரு படமும் இருந்தால் அடுத்த வருடமும் பணம் வரும். அந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்பதைத் தம்பிகள் ஒரு கணமும் மறப்பதில்லை. பெரியம்மாவின் படத்தைச் சென்னையில் ஓர் ஓட்டல் அரங்கில் போட்டார்களாம். கீழே ஆங்கில வரிகள், ஓர் எழுத்துப் பிழை கிடையாது. "பாவு குடுக்கறவங்க கூலிய ஒசத்தவே இல்லீங்க" என்று பெரியம்மா சொல்லும் இடத்தில், நாங்கள் ஏழைகள் என்ற பொருளில் ஆங்கிலம் ஓடுகிறது. அரங்கில் இருந்தவர்களுக்குச் சட்டென்று புரிந்திருக்கும்.

இதை எழுதும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு தம்பி கிளம்பும்போது பெரியம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார், அவர் கண்ணில் நீர் இருந்தது. அவ்வளவு மனசு இருக்கிற பிள்ளைகள்.

வேறொரு குழுவின் பொறுப்புணர்வையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெண் பிள்ளையின் கல்யாணம் கடைசி நேரத்தில் தடுக்கப்பட்டது. அதைப் படமெடுத்தவர்கள் பிள்ளையின் முகத்தை முழுக்க மறைத்தார்கள். ஒரு இடத்திலும் மூக்கின் நுனிகூடத் தெரியாது. பிள்ளை போட்டிருந்தது பள்ளிச் சீருடை. பின்னால் வீட்டின் இரும்பு கேட், அதன் நிறம், தெருமுனைக் கோயிலின் கோபுரம் எல்லாம் துல்லியம். அம்மாவின் குரலை மாற்றவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆவது பிரிவில், முகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெயர், முகவரி, பள்ளி, பிள்ளையை அடையாளம் காட்டிவிடக்கூடிய எந்த விவரமும் கூடாது என்கிறது. படம் வாட்ஸப்பில் வந்த அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் தெரியாதவர் இல்லை. பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை, அதன்பிறகு நெடுநாள் அப்பாவின் டி.வி.எஸ். வண்டியில், துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு போனாள். படத்தின் பெயரில் 'சிறகு' என்ற சொல் வரும்.

வேகத்தைச் சொல்லாமல் விட்டால் பாராட்டு முழுமையாகாது. அதன் அருமை தெரிய எங்கள் பக்கத்துப் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். குடியை ஒழிக்க வேண்டும் என்பதற்காகவே 1929-இல் அங்கிருந்து 'விமோசனம்' என்று ஒரு மாத இதழைக் கொண்டுவந்தார். 'நவசக்தி'யில் வேலை பார்த்திருந்த கல்கி அதற்குத் துணை ஆசிரியராக வந்து ஆசிரமத்திலேயே தங்கினார். கதை, கட்டுரை, கேலிச்சித்திரம் எல்லாவற்றுக்கும் பொருள் மது ஒன்றுதான். பத்து இதழ்தான் வந்தது. 1930-இல் ராஜாஜி உப்பெடுக்க வேதாரண்யம் போய்விட்டார். பத்து இதழுக்காக அவர்கள் இந்தப் புழுதியில் குடியிருந்தார்கள், இங்குள்ள தண்ணீரைக் குடித்தார்கள், கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வருகிறவனை எதிரே கண்டார்கள், அவன் பெண்டாட்டி பிள்ளைகளை ஆசிரமத்து வாசலில் பார்த்தார்கள். எழுதியதைப் படிக்க வேண்டியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். பொய்யாக ஒரு வரி எழுதினால் மறுநாள் முகம் பார்த்துக் கேட்பார்கள். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் ராஜாஜியின் அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. முதல் இதழிலிருந்து எட்டு வருடம். தம்பிகள் காலை ஒன்பது மணிக்கு வருகிறார்கள். பொழுது சாய்வதற்குள் சேலம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

பரப்புகிற திறமைக்கு எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் வந்த புள்ளிராஜாவை மிஞ்ச ஆள் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் சுவரிலும் பத்திரிகையிலும் விளம்பரப் பலகையிலும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வியைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் உண்டா? ஒரே கேள்வியால், வாய்க்கு வராத ஒரு நோயின் பெயரை டீக்கடையில் உரக்கப் பேச வைத்தார்கள். அதை நான் மதிக்கிறேன். எங்கள் நாமக்கல் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் லாரியிலோ ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலோ மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள். இங்கே அந்தக் கேள்வி பட்டப்பெயராகி ஒட்டிக்கொண்டது. வடக்கே லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு டீ குடிக்க உட்கார்ந்தவனை அப்படிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குப் பயந்து எத்தனை பேர் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தார்களோ.

அதற்கும் முன்பே, இதே நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா இருந்தார். லாரி ஓட்டுநரான கணவர் வழியாகத் தனக்குத் தொற்று வந்ததைத் திருமணமான புதிதிலேயே அறிந்தவர். முகத்தை மறைக்காமல், பெயரை மாற்றாமல் ஊடகங்களில் பேசினார். 1998-இல் சென்னையில் தொற்றுள்ள பெண்களைச் சேர்த்துக்கொண்டு 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். கேமரா அவருக்கு முன்னாலும் நின்றது. என்ன சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர் கையில் இருந்தது. தனக்கு நேர்ந்ததோடு நில்லாமல் மருந்தைக் கேட்டார், சொத்துரிமையைக் கேட்டார், விதவையாகி நிற்கும் பெண்ணை மாமியார் வீட்டார் வெளியே தள்ளுவது ஏன் என்று கேட்டார்.

பெரியம்மாவும் அப்படித்தான் பேசினார். நான் தறிக்குப் பின்னால் நின்று கேட்டேன். கேமரா ஓட ஓட நாற்பது நிமிடம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்று இருந்தது 2023-இல் 1,000 யூனிட் ஆனதும் கையில் எவ்வளவு மிஞ்சியது. மிஞ்சியதைக் கூலியில் பிடிக்கப் பார்த்தவர் யார். நூல் விலை ஏறினால் கூலி இறங்குகிறது, நூல் விலை இறங்கினால் கூலி ஏன் ஏறுவதில்லை. துணியில் ஒரு இழை விட்டுப்போனால் எத்தனை மீட்டருக்குப் பிடித்தம். ஒப்பந்தம் முடிந்தால் புதுசு போட எத்தனை மாதம் இழுப்பார்கள். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். தொழில் சங்கக் கூட்டத்தில்கூட நான் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. தம்பிகள் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை, அந்தப் பொறுமையையும் பாராட்டத்தான் வேண்டும். நாற்பது நிமிடத்தில் படத்துக்கு எடுத்துக்கொண்டது இரண்டு வாக்கியம். இரண்டாவதைச் சொல்லும்போது அவர் முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார். கொட்டகைக்குள் காற்றாடியையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், வேர்த்தது.

மூன்று மாதம் கழித்து அந்தப் படம் என் கைப்பேசிக்கு வந்தது. பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தார். "நெம்ப நல்லா எடுத்திருக்காங்க கண்ணு" என்றார். மறுபடி ஒரு தடவை போடச் சொன்னார். அது முடிந்ததும், "கூலியப் பத்திச் சொன்னனே, அது வரலியா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எழுந்து போய்த் தறியைப் போட்டார்.

தம்பிகளே, நீங்கள் எதையும் எளிதில் அழிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எடுத்த நாளில் இருந்தே பதிவுகளை இரண்டு இடத்தில் சேமித்து, பெட்டி மேல் தேதியும் ஊர்ப் பெயரும் எழுதி ஒட்டியதை நான் பார்த்தேன். அந்த நாற்பது நிமிடம் இன்னும் உங்களிடம்தான் இருக்கும். வெட்டாமல், நிறம் திருத்தாமல், வயலின் சேர்க்காமல் அதை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். கோயில் முன்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாத நேரத்தில் நாங்களே போட்டுக்கொள்கிறோம். பாவு கொடுக்கிறவர்களுக்கும் சொல்லி அனுப்புகிறோம். நீங்களும் வாருங்கள். பெரியம்மா சோறு ஆக்குவார்.