நீர்மட்டமும் நெடுந்தொடரும்: கால்வாய்ப் படகில் தொலைக்காட்சி தெரிதலும் தெரியாமையும் குறித்த ஓர் ஆராய்ச்சி

பிரிட்டனின் கால்வாய்களைப் பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் இருக்கின்றன. எந்தப் பாலத்தை யார் கட்டினார், எந்த ஆண்டில் எந்தக் கம்பெனி எதை விழுங்கியது என்பதுவரை எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் ஆறடி பத்தங்குல அகலமுள்ள இரும்புப் படகுக்குள் குடித்தனம் நடத்துகிற ஒருவர், மாலையில் டிவியைப் போட்டால் படம் ஏன் வருவதில்லை என்ற வினாவை மட்டும் அறிஞர் உலகம் உரிய மரியாதையோடு அணுகவில்லை. அக்குறையைத் தீர்ப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இந்தப் பத்தியோடு எழுந்து போகலாம்; பின்னால் போகப் போக இன்னும் குறையும்.

கால்வாய்க்கும் தொலைக்காட்சிக்கும் இடையே இருப்பது பிறவிப் பகை. தண்ணீர் மேட்டில் ஏறாது. ஆகவே பிரிட்ஜ்வாட்டர் கோமகனுக்குக் கால்வாய் வெட்டிய ஜேம்ஸ் பிரிண்ட்லி, குன்று குறுக்கே வந்தால் சுற்றிக்கொண்டு போனார். ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடிவாரம் அடிவாரமாக வளைந்தார். அடுத்த தலைமுறையில் வந்த தாமஸ் டெல்ஃபோர்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. குன்றையே பிளந்து நேராகப் போனார். ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயில் அவர் தோண்டிய பள்ளங்களில் இருபுறமும் பாறையும் பெரணியும் நிற்க, நடுவில் ஒரு கீற்று வானம் தெரியும், அவ்வளவுதான். அலைவரிசைக்காரர்களோ நேர் எதிர்த் திசையில் சிந்தித்தார்கள். இருப்பதிலேயே உயரமான மேட்டைத் தேடி, அதன்மேல் கோபுரம் எழுப்பினார்கள். யார்க்ஷயரில் எம்லி மூர் மேட்டின்மீது நிற்கும் கோபுரம் மட்டுமே முந்நூறு மீட்டருக்கு மேல். படகு பள்ளத்தில், கோபுரம் மேட்டில், இடையில் ஒரு மலை. பிரிண்ட்லி 1772இல் காலமானார், பி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கியது 1936இல். எனவே அவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமில்லை. இருந்தாலும் குற்றம் அவருடையதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கால்வாய் எங்கும் பள்ளத்திலா ஓடுகிறது? வேல்ஸில் டீ ஆற்றுக்கு மேலே, 38 மீட்டர் உயரத்தில், இரும்புத் தொட்டிக்குள் படகை மிதக்கவிட்டிருக்கிறாரே அதே டெல்ஃபோர்ட்? உண்மைதான். 1805இல் திறந்த அந்த பொன்ட்கிசித்தே பாலத்தில் மரமும் இல்லை, மறைப்பும் இல்லை. ஒரு பக்கம் கைப்பிடிகூட இல்லை. ஆனால் அங்கே படகைக் கட்டிப்போட அனுமதி கிடையாது. விடை முடிந்தது. அலை கிடைக்கக்கூடிய இடத்தில் நிற்க முடியாது, நிற்கக்கூடிய இடத்தில் அலை கிடைக்காது என்பதை இத்துறையின் முதல் விதியாகக் கொள்க.

வரலாற்றில் இந்தச் சிக்கலே இல்லாமல் வாழ்ந்த பெருமகன் ஒருவர் உண்டு. கால்வாய் எழுத்துக்கு மூலவரான எல்.டி.சி. ரோல்ட், தம் ‘கிரெஸ்ஸி’ படகை 1941 முதல் 1946 வரை டார்ட்பிக் என்ற ஊரில் கட்டிவைத்து வாழ்ந்தார். ‘லாக்’ எனும் மதகுத் தொட்டிகள் முப்பது, படிப்படியாகப் படகை ஏற்றி இறக்கும் இடம் அது. படகையும் மேட்டிலேயே கட்டியிருந்தார். ஆனால் உலகப் போர் காரணமாக பி.பி.சி. 1939 செப்டம்பரில் ஒளிபரப்பை நிறுத்தியது, 1946 ஜூனில்தான் மறுபடி தொடங்கியது. அதுவும் லண்டனுக்கு. மிட்லண்ட்ஸுக்கு சட்டன் கோல்ட்ஃபீல்டு கோபுரம் வந்தது 1949 டிசம்பரில். அவர் எழுதிக் குவித்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி, படத்தை வரவழைக்கப் பாடுபடுகிறவர்களின் மதங்கள். முதலாவது ஏரியல் மதம். ஜப்பானில் யாகியும் உடாவும் 1926இல் வெளியிட்ட, மீன்முள் போன்ற அந்தக் கம்பிச் சட்டமே இவர்களுடைய வழிபடுபொருள். (1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானிய ராணுவம், ஒரு பிரிட்டிஷ் ரேடார் குறிப்பேட்டில் ‘யாகி’ என்றிருந்ததன் பொருள் விளங்காமல் கைதியைக் கேட்க, அது உங்கள் நாட்டுக்காரரின் பெயர் என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. இங்கே தேவையில்லை; ஆராய்ச்சி என்றால் இப்படித்தான்.) இரும்புக் கூண்டான படகுக்குள் அலை நுழையாது, ஏரியலை ஒரு குழாயில் மாட்டிக் கூரைமேல்தான் நிறுத்தியாக வேண்டும். மாலையில் படகு கரை சேர்ந்ததும் கணவர் கூரையில் ஏறிக் குழாயைத் திருப்புவார்; மனைவி உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

“வந்துச்சா?”

“இல்ல.”

“இப்ப?”

“வந்துச்சு, வந்துச்சு... கையை எடுக்காதீங்க... ஐயோ, போச்சு.”

எண்பதுகளில் மொட்டை மாடியில் ஆன்டெனா திருப்பியவர்களுக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலத்து அனலாக் படத்துக்கு இரக்கம் இருந்தது. புள்ளி புள்ளியாக மழை பெய்தாலும், மழைக்குள் ஒரு முகம் தெரியும். பிரிட்டனில் அனலாக் 2012இல் முழுக்க நின்றுபோனது. டிஜிட்டல் படம் வந்தால் கண்ணாடி மாதிரி. இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக உடைந்து, கொலைகாரன் பெயரை இன்ஸ்பெக்டர் உச்சரிக்க வாய் திறந்த நிலையில் உறைந்துவிடும்.

தேர்ந்த ஏரியல்காரர் குழாயைத் தொடுமுன் கரையோர வீட்டுக் கூரைகளைப் படிப்பார். எல்லா வீட்டு ஏரியலும் எந்தப் பக்கம் பார்க்கின்றன? குச்சிகள் படுத்திருக்கின்றனவா, நின்றிருக்கின்றனவா? படுத்திருந்தால் பெரும்பாலும் பெரிய கோபுரம். நின்றிருந்தால் பக்கத்திலேயே ஏதோ ஒரு சிறிய துணைக் கோபுரம். அதன்படியே தம்முடையதைச் சாய்ப்பார். ஒரு வீடும் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு நூல்களில் விடை இல்லை. அடுத்த நாள் கிளம்பும்போது குழாயைப் பிடுங்கிப் படுக்கவைக்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உண்டு: முதல் செங்கல் பாலம்.

இரண்டாவது டிஷ் மதம். இவர்களுக்குக் கோபுரமும் ஊரும் ஒரு பொருட்டல்ல. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 36,000 கிலோமீட்டர் தொலைவில், கிழக்கு 28.2 டிகிரியில் நிற்கும் செயற்கைக்கோள்களே கதி. அப்படி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் கோள்களைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் கட்டுரை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பிறகு இங்கிலாந்தின் மரஞ்செடிகளையும் மேகங்களையும் விட்டு இலங்கைக்கே குடிபோய்விட்டார். டிஷ் தென்கிழக்கு பார்க்க வேண்டும். நம் வாஸ்துக்காரர் அடுப்பு வைக்கச் சொல்லும் அதே அக்கினி மூலை. வானத்தில் சுமார் 25 டிகிரி உயரம்தான். எனவே அந்த மூலையில் பத்து மீட்டர் மரம் ஒன்று ஏறத்தாழ 18 மீட்டருக்குள் நின்றாலும் படம் போயிற்று. குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் தெரிந்த அலைவரிசை, வசந்தம் வந்து மரம் துளிர்த்ததும் மறைவது இயற்கையை ரசிக்க வந்தவர்களுக்குச் சற்றுக் கசப்பான அனுபவம்.

திசை பார்க்கக் காம்பஸ் எடுத்தால் அதுவும் ஏமாற்றும். படகு முழுக்க எஃகு. முள் படகையே காட்டும். கரையில் இறங்கி, பத்தடி தள்ளிப்போய், திசை பார்த்துத் திரும்ப வேண்டும். இத்தனையும் செய்து டிஷ்ஷைக் கூரையில் பொருத்தி உட்கார்ந்தால், அடுத்து ஒரு படகு கடந்து போகும். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு நான்கு மைல். அந்த வேகத்தில் போனாலும் நின்றிருக்கும் படகைத் தண்ணீர் முன்னும் பின்னும் இழுத்துவிடும். டிஷ்ஷுக்கு இரண்டு மூன்று டிகிரி விலகினாலே கோள் கைவிட்டுப் போகும். “மெதுவா போங்க!” என்று கால்வாய்க் கரைகளில் கேட்கும் குரல் கரையரிப்பைப் பற்றிய கவலை என்று சூழலியலார் எண்ணுவதுண்டு. எல்லா நேரமும் அப்படியல்ல. பாதி நேரம் உள்ளே பெனால்டி கிக்.

இரு மதத்தாரும் சேர்ந்து தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. படகில் மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. பேட்டரிக்கு இன்ஜின் ஓட வேண்டும், குளிர்காலத்தில் கூரையிலுள்ள சோலார் பலகையை நம்ப முடியாது. ஆனால் பக்கத்தில் வேறு படகுகள் இருந்தால் இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை இன்ஜினை ஓட்டக் கூடாது என்பது விதி. சிறிய டிவி அதிகம் தின்னாது, இரண்டு மூன்று ஆம்பியர். ஃப்ரிட்ஜும் தண்ணீர் பம்ப்பும்தான் அதற்குப் பங்காளிகள். நல்ல தொடர்களோ எட்டு மணியைச் சுற்றியே வரும். இந்த நேரப் பொருத்தம் தற்செயல் என்று நம்ப இவ்வாராய்ச்சியாளருக்கு மனம் வரவில்லை.

ஃபோன் சிம்மை ஒரு பெட்டியில் போட்டு இணையத்தில் படம் பார்க்கும் மூன்றாவது கட்சியும் உண்டு. வளர்ந்து வருகிறது. கூரையில் ஏறாமல் படம் பார்ப்பவர்களை இந்த ஆய்வில் சேர்க்க விருப்பமில்லை. தவிர, டெல்ஃபோர்டின் பள்ளத்தில் ஃபோனும் எடுக்காது.

எஞ்சியிருப்பது வட்டாரச் செய்தி. நிரந்தரமாகக் கட்டுமிடம் இல்லாத படகுகள் 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆக, படகுக்காரர் ஊர்ந்துகொண்டே வட்டாரம் மாறுகிறார். டிரென்ட்–மெர்சி கால்வாயில் ஹேர்காஸில் சுரங்கத்துக்குத் தெற்கே மிட்லண்ட்ஸ் செய்தி. துருநிறத் தண்ணீரில் சுரங்கத்தைத் தாண்டி, லாக் லாக்காக செஷயருக்குள் இறங்க இறங்க மான்செஸ்டர் செய்தி. ஒவ்வொரு முறையும் டிவியைப் புதிதாக ட்யூன் செய்ய வேண்டும். ஆனால் அரும்பாடுபட்டுப் பிடித்த படத்தை யார் கலைப்பார்? டிஷ்காரருடைய பெட்டியோ முதல் நாள் கொடுத்த தபால் குறியீட்டையே பிடித்துக்கொண்டு, எங்கே போனாலும் பழைய ஊர்ச் செய்தியையே சொல்லும். செஷயரில் கொட்டுகிற மழையில் ஒருவர் கூரையில் டிஷ்ஷைப் பிடித்தபடி நனைந்துகொண்டிருக்க, உள்ளே திரையில் வானிலை அறிவிப்பாளர் பர்மிங்ஹாம் படத்தைக் காட்டி, உங்கள் பகுதியில் இன்று நல்ல வெயில் என்கிறார். “தெளிவா தெரியுதா?” என்று கேட்கிறார் கூரைக்காரர். “ரொம்பத் தெளிவா தெரியுது, அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க” என்கிறார் மனைவி.