அணையின் அடிச்சுவரைப் பார்க்கும் கண்

● முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீருக்குள் ரோபோவை இறக்கிப் பார்த்தார்களாமே! நன்றாக முங்கத் தெரிந்த ஒரு ஆள் போதாதா? (ஏலத்தோட்டத் தொழிலாளி, சக்குபள்ளம்)

போதாது. நாற்பது மீட்டர் ஆழத்தில் உடம்பை அழுத்தும் பாரம் தரையில் இருப்பதைப்போல் சுமார் ஐந்து மடங்கு. அங்கே முங்கினவர் சில நிமிடங்களே வேலை பார்க்கலாம். மேலே வரும்போது அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. அணையின் சுவரோ 1,200 அடி நீளம். ரோபோவுக்கு மூச்சும் வேண்டாம், அவசரமும் இல்லை. கேபிள் வழியாக மின்சாரம் போகும், படம் மேலே வரும். இயக்குபவர் திரையைப் பார்த்தபடி அதை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். 2011-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழுவின் ஆய்வுக்காகவும், மறுபடி 2025 டிசம்பரிலும் இப்படிப் பார்த்தார்கள்.

● கலங்கல் தண்ணீரில் கேமராவுக்கு என்ன தெரியும்? (கம்பம்)

கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாமல் போகலாம். அதனால்தான் சோனாரும் சேர்ந்து போகிறது. ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துச் சுவரின் மேடுபள்ளத்தை அது வரைந்து காட்டும். விரிசல் இருக்குமோ என்று சந்தேகப்படும் இடத்தில் கொஞ்சம் சாயம் விட்டுப் பார்ப்பதும் உண்டு. சாயத்தைச் சுவர் உள்ளே இழுத்தால் அங்கே கசிவு இருக்கிறது.

● அப்படியானால் அணை பலமா, பலவீனமா என்பது இதோடு தீர்ந்துவிடும்! (குமுளி)

தீராது. ரோபோ பார்ப்பது சுவரின் முகத்தை மட்டும். 1895-ல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த கருங்கல் சுவருக்குள் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்த சாந்து இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது துளை போட்டு மாதிரி எடுத்தால்தான் தெரியும். கசிவுநீரை நாள்தோறும் அளக்க வேண்டும். பூகம்பத்தைத் தாங்குமா என்று கணக்குப் போட வேண்டும். 1980-களில் செய்த கான்கிரீட், கம்பிவட வேலைகளையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். இத்தனையில் ரோபோவின் படம் ஒரு சாட்சி. நல்ல சாட்சி, ஆனால் ஒன்றே ஒன்று.

● இடுக்கியில் வேறெங்கே இந்த ரோபோ வேண்டும் என்பீர்கள்? (வெள்ளத்தூவல்)

உங்கள் ஊர்க்காரர் கேட்டால் பதில் சொல்லவே தேவையில்லை. 2007 செப்டம்பரில் உங்கள் ஊரின் பன்னியார் மின்நிலையத்தின் பென்ஸ்டாக் வெடித்து உயிர்கள் போயின. மலைச்சரிவில் செங்குத்தாக இறங்கும் அந்த இரும்புக் குழாய்களுக்குள் ஆளை அனுப்புவது கொடுமை. சக்கரத்தில் ஊர்ந்து, தகட்டின் கனம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று ஒலியால் அளக்கும் கருவிகள் இருக்கின்றன. பழைய குழாய் ஒவ்வொன்றுக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

● சாக்கடை வேலைக்கும் ரோபோ வந்தால் பிழைப்பு போகுமே? (கும்பகோணம்)

பாதாளச் சாக்கடைக்குள் இறங்குவது பிழைப்பல்ல, உயிரைப் பணயம் வைப்பது. 2013-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. சாவுகள் நிற்காததால் 2023-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக்கியது. திருவனந்தபுரத்து இளைஞர்கள் உருவாக்கிய ‘பாண்டிகூட்’ ரோபோ உங்கள் கும்பகோணத்துக்கும் வந்ததே! அதை இயக்கும் வேலையை, நேற்றுவரை உள்ளே இறங்கியவருக்கே பயிற்சியோடும் நிரந்தரச் சம்பளத்தோடும் கொடுக்க வேண்டும்.

● படம் எடுத்தார்கள், சரி. எங்கள் கண்ணுக்கு வருமா? (மறுபடியும் சக்குபள்ளம்)

வர வேண்டும். வண்டிப்பெரியாற்றில் ஒரு குடும்பம் அணைக்கு என்ன ஆகுமோ என்று மழை இரவில் தூங்காமல் கிடக்கிறது. தேனியில் ஒரு விவசாயி நாற்றங்காலை வைத்துக்கொண்டு அந்த அணையின் தண்ணீருக்குக் காத்திருக்கிறார். இருவருக்கும் அதே சுவர்தான். அணைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வதந்தி ஓடுவதற்குக் காரணம், அறிக்கைகள் அலுவலக அலமாரியில் கிடப்பதுதான். ரோபோ எடுத்த பதிவையும் வல்லுநர் விளக்கத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடுங்கள் என்று உங்கள் பஞ்சாயத்துக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். கம்பத்துக்காரர்களும் தங்கள் பக்கத்திலிருந்து அதையே கேட்கட்டும்.