கிளை நன்றாக வந்திருக்கிறது

பறவைப் படம் எடுப்பவர்களின் மெமரி கார்டுகளை நேர்மையான தணிக்கையாளர் ஒருவரிடம் ஒப்படைத்தால், அவருடைய அறிக்கையின் முதல் வரி இப்படித்தான் இருக்கும்: "இவற்றில் பறவைகளைவிடக் கிளைகள் அதிகம்." பறவை இப்போதுதான் எழுந்துபோன கிளை, பறவை வந்து உட்காரும் என்று நம்பி எடுத்த கிளை, ஓரத்தில் வால்நுனி மட்டும் தெரிகிற கிளை, இலைக்குள் எங்கோ பறவை இருப்பதாக எடுத்தவர் மட்டும் சத்தியம் செய்கிற கிளை. வீட்டில் காட்டினால், "கிளை நல்லா வந்திருக்கு" என்று ஆறுதல் சொல்வார்கள். சொல்பவர் கிண்டலாகத்தான் சொல்கிறார். ஆனால் அதைவிடச் சரியான விமரிசனம் கிடையாது என்பது என் கட்சி. பறவைப் படக்காரர்கள் எல்லோரும் உள்ளபடிக்குத் தாவரப் படக்காரர்கள். தெரியாமல் செய்கிறார்கள், செய்ததை வெட்கப்பட்டு அழிக்கவும் செய்கிறார்கள். தெரிந்தே செய்தால் மரமும் ஒழுங்காக விழும், பறவையும் கூடுதலாகச் சிக்கும். அதிலும் தமிழ்நாட்டில் மாசி, பங்குனி மாதங்களில் இதற்கு மறுபேச்சே இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

முதல் ஆட்சேபம் பருவத்தைப் பற்றியது. ஆறு பெரும்பொழுதுகளின் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். பங்குனி பதினோரு மணி வெயிலில் பள்ளிக்கரணைச் சாலையோரம் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் போய் இது பனிக்காலம் என்று சொன்னால், முக்காலி வேறு வேலைக்குப் பயன்படும் அபாயம் உண்டு. குளிரே இல்லாத ஊரில் குளிர்காலத்தின் பிற்பகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமான கேள்விதான். வெப்பமானியைக் கேட்டால் பதில் கிடைக்காது. மரத்தையும் பறவையையும் கேட்க வேண்டும். அரசும் வேம்பும் புங்கமும் நாட்டு வாதுமையும் இலை கொட்டுவது இந்த வாரங்களில்தான். குளிர் நாடுகளில் பனி செய்கிற வேலையை இங்கே வறட்சி செய்கிறது. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியப் பக்கத்திலிருந்தும் வலசை வந்த பறவைகளோ இன்னும் மூட்டை கட்டவில்லை. ஆக, விருந்தாளிகள் கிளம்பவில்லை, இலைகள் கிளம்பிவிட்டன. பறவையைப் பார்க்க விடாமல் ஆண்டு முழுக்க நடுவில் நிற்பது இலைதான். அது தானாக விலகிக்கொள்கிற இந்தச் சில வாரங்களைப் பனி என்று அழைத்தால் என்ன, பொரி வெயில் என்று அழைத்தால் என்ன?

இலை உதிர்ந்த மொட்டை மரம் சும்மாவும் நிற்பதில்லை. கல்யாண முருங்கை, முள்ளிலவு, புரசு மூன்றும் இலையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிவப்பாகவும் செம்மஞ்சளாகவும் பூக்கின்றன. இந்தப் பூக்களில் சொல்லிக்கொள்ளும்படியான வாசனை கிடையாது. நிறமும் நிறைய தேனும் உண்டு. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பிப் பிழைக்கும் பறவைகளுக்கு இந்த ஏற்பாடு போதும். வந்தவர்கள் குனிந்து தேன் குடிக்கும்போது நெற்றியில் மகரந்தத்தைப் பூசி அடுத்த மரத்துக்கு அனுப்புவது மரத்தின் கணக்கு. பூத்த கல்யாண முருங்கைக்குக் கீழே காலை ஏழு மணிக்கு நின்றால் ஒரு கல்யாணப் பந்தியே நடந்துகொண்டிருக்கும். அழைப்பிதழ் இல்லாமல் முதலில் வந்து உட்காருவது காகம். பிறகு மைனாக்கள், சத்தமாகப் பேசிக்கொண்டு. கொண்டைக்குருவி, கிளி, ஊதாத் தேன்சிட்டு வரும். இரட்டைவால் குருவிக்குத் தேனும் வேண்டும், தேனுக்கு வரும் பூச்சியும் வேண்டும். அணிலைச் சேர்க்காவிட்டால் அது கோபித்துக்கொள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால், இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையுமாகச் சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று மொத்தமாக வந்து இறங்கி, மற்றவர்களின் இலைக்கும் கை நீட்டும். இத்தனை பேரையும் தனித்தனியே தேடிப் போவதென்றால் எத்தனை ஏரி, எத்தனை காடு, எவ்வளவு பெட்ரோல்! மரத்தைத் தெரிந்தவன் தேடுவதில்லை. வெயில் முதுகுக்குப் பின்னால் விழுகிற இடமாகப் பார்த்து நிற்கிறான், அவ்வளவுதான். மரம் இடம் மாறப்போவதில்லை. பறவை எந்தப் பூங்கொத்துக்கு வரும் என்பதையும் பாதி ஊகித்துவிடலாம், ஏனென்றால் வாடிய பூவுக்கு அதுவும் வராது.

இதைச் சொன்னதும் "இலவு காத்த கிளி" என்ற பழமொழியை எடுத்து வீசுவார்கள். மரத்தடியில் காத்திருப்பவனைக் கேலி செய்யத் தமிழில் இதைவிட வசதியான ஆயுதம் கிடையாது. பழம் பழுக்கும் என்று கிளி காத்திருந்தது, காய் வெடித்துப் பஞ்சு பறந்தது, கிளி ஏமாந்தது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, சாட்சியைத்தான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. முள்ளிலவு பூப்பது பின்பனியில். அப்போது கிளிகள் அந்த மரத்துக்கு வந்து பூவைக் கிழித்துத் தேனைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகின்றன. காய் முற்றி வெடிப்பது சித்திரை வாக்கில். மாசியில் சாப்பிட்டு முடித்த கிளியைச் சித்திரையில் பார்த்துவிட்டுப் பாவம் ஏமாந்துவிட்டது என்று முடிவு கட்டியவர், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பவரைப் பார்த்துச் சாப்பாடு கிடைக்காதவர் என்று நினைத்திருக்கிறார். இரண்டு மாதம் முன்னதாக ஒரு படம் எடுத்திருந்தால் கிளியின் மானம் தப்பியிருக்கும். படத்தில் கிளி மட்டும் இருந்தாலும் போதாது. பூவும் சேர்ந்து தெரிந்திருக்க வேண்டும். என் வாதத்தின் உயிர்நிலை இதுதான். வெட்டவெளிப் பின்னணியில், தூரிகையால் துடைத்தாற்போன்ற பச்சை மங்கலுக்கு முன்னால், தனியே மிதக்கும் கிளியின் படம் அழகாக இருக்கும். ஆனால் அது எந்த மாதம், எங்கே, எதற்காக வந்தது என்று அந்தப் படத்திடம் கேட்டால் பாஸ்போர்ட் புகைப்படத்தைப் போல விழிக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் அந்தஸ்து பற்றியது. தெருமுனை மரத்துக்குக் காகமும் மைனாவும்தானே வரும், அதை எடுத்து என்ன பெருமை என்கிறார்கள். பறவை ஆர்வலர்களிடையே 'லைஃபர்' என்றொரு பதவி உண்டு. வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கும் இனத்துக்கு அந்தப் பெயர். அதைத் தேடி இரவோடு இரவாக நானூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டுபவர்கள், தங்கள் தெருவில் ஆறு மாதமாகக் குடியிருக்கும் பிளைத் நாணல் கதிர்க்குருவியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பால்டிக் கரையிலிருந்து சைபீரியா வரையான பரப்பில் பிறந்து, பத்துப் பன்னிரண்டு கிராம் உடம்பை வைத்துக்கொண்டு, இமயத்துக்கு இந்தப் பக்கம் வந்து உண்ணிச்செடிப் புதருக்குள் 'டக், டக்' என்று நாக்கைத் தட்டிக்கொண்டு திரிகிற பறவை அது. தூரம்தான் பெருமை என்றால் அதனிடம் யாரும் போட்டி போட முடியாது. அதைப் படமெடுக்க முயன்றால் கிடைப்பது உண்ணிச்செடியின் மிகத் துல்லியமான படம். அந்தப் படமும் பொய் சொல்லவில்லையே? எட்வர்ட் பிளைத் 1849-இல் அந்த இனத்தை விவரித்தபோது அதற்கு அறிவியல் பெயராகத் தேர்ந்ததே புதரைக் குறிக்கும் சொல்லைத்தான். புதர் இல்லாமல் அந்தப் பறவையைக் காட்டுவதுதான் திரிபு.

முன்னோர் சாட்சி வேண்டும் என்பவர்களுக்கு மா. கிருஷ்ணன் இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதியவர். பல கேமராக்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தானே கட்டிய கருவிக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையில் காட்டை எடுத்தவர். அவர் மாநிலக் கல்லூரியில் படித்தது தாவரவியல். இது தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். இன்றைக்குப் பத்து லட்ச ரூபாயைத் தாண்டும் 600 மில்லிமீட்டர் லென்ஸைத் தோளில் பீரங்கியாகச் சுமப்பவர்களில் எத்தனை பேருக்குப் புரசையும் கல்யாண முருங்கையையும் பிரித்துச் சொல்லத் தெரியும் என்று மட்டும் கேட்டுவைக்கிறேன். பறவையை நெருங்குவதற்கு மனிதர்கள் படாத பாடு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் மாட்டுத்தோலுக்குள் சட்டம் அடித்து, போலி மாடு ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு புகுந்துகொண்டார்கள். மாடு ஒருமுறை ஆளோடு கவிழ்ந்ததாகவும் வரலாறு. மாட்டுக்குள் புகுவதற்கு இருக்கிற துணிச்சல், ஒரு மரத்தின் பெயரைப் படித்துக்கொள்வதற்கு ஏன் வருவதில்லை?

கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மரம் எங்கே ஓடிவிடப் போகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஓடுகிற பறவையை முதலில் எடுப்பதுதானே புத்தி? கேட்பதற்குத் தர்க்கமாக இருக்கிறது, நடப்பு நேர்மாறாக இருக்கிறது. புரசின் பூ சில வாரக் கூத்து; அதை வைகாசியில் தேடிப் போனால் இலை மட்டும் வரவேற்கும். பறவை பறந்துபோனாலும் அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் திரும்பி வரும். மரம் போனால் போனதுதான். வேலியிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் நின்ற கல்யாண முருங்கைகள், வேலி காம்பவுண்டுச் சுவரானதும் விடைபெற்றன. மிச்சமிருந்தவற்றை இலையிலும் தண்டிலும் முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் ஒரு பொடிக் குளவி பதம்பார்த்தது. 2004-இல்தான் அறிவியல் அதற்குப் பெயரே வைத்தது, அடுத்த சில ஆண்டுகளில் அது தென்னிந்தியாவுக்கும் வந்துவிட்டது. பட்டுப்போன கிளை என்று நாம் வெட்டித் தள்ளுவதில்தான், செம்மார்புக் குக்குறுவான் பின்பனியில் 'குக் குக்' என்று கூவிவிட்டுப் பொந்து குடைகிறது. வேடந்தாங்கலில் எல்லோருடைய லென்ஸும் நாரையின் அலகைத் தேடுகிறது. அந்த நாரை நிற்பது தண்ணீருக்குள் காலூன்றிய நீர்க்கடம்பின் மேலும் கருவேலத்தின் மேலும். கீழே விழும் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தைக் காத்தார்கள். அதாவது மரம், பறவை, எச்சம், நெல் என்று வரிசையாக நடக்கும் ஒரு வியாபாரத்தில் ஒரே ஒரு பங்குதாரரை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறோம். எச்சத்தைத் தனியே எடுக்கச் சொல்லவில்லை. அது எப்படியும் லென்ஸின் மேலேயே விழும்.

பறவை போன கிளையின் படத்தால் யாருக்கு என்ன பயன் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள் உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்றும் உண்டு. அங்கே மைனாவுக்கு யாரும் புகைப்பட ஆதாரம் கேட்பதில்லை. எண்ணிக்கையைச் சொன்னால் நம்பிக்கொள்கிறார்கள். ஆக, பட்டியலுக்காக மைனாவை மல்லுக்கட்டி எடுக்க வேண்டிய அவசியமே கிடையாது. மரத்தின் கதை வேறு. 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில், ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கின்றன என்று வாரந்தோறும் குறித்துவைக்கிறார்கள். பருவங்கள் முன்னே பின்னே நகர்கின்றனவா என்று கண்டுபிடிக்க அந்தக் குறிப்புகள்தான் துணை. தப்பிப்போன பறவையைத் தேடி ஒவ்வொரு மாசியிலும் ஒரே மரத்தைக் குறிவைத்தவரின் குப்பைத் தொட்டியில், பூ எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது தேதியும் மணியும் போட்டுக் கிடக்கிறது, கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தால்.

கடைசியில் வருவது விருப்பக்குறி ஆட்சேபம். மீன்கொத்தி தண்ணீரிலிருந்து எழும் படத்துக்கு ஆயிரம் இதயம் விழும், மொட்டைக் கிளைக்கு அத்தையும் மாமாவும்கூடத் தட்ட மாட்டார்கள் என்பது உண்மை. மறுக்கவில்லை. கேமரா நிறுவனங்களும் அந்தக் கட்சிதான். மனிதனின் கண், நாயின் கண், பறவையின் கண் என்று எதையும் தானே தேடிப் பிடிக்கும் வசதியை விற்கிறார்கள். காருக்கும் ரயிலுக்கும் விமானத்துக்கும்கூட அது உண்டு. மரத்தைத் தேடிப் பிடிக்கும் வசதியை மட்டும் யாரும் விளம்பரம் செய்யக் காணோம். அதற்குத் தேவையும் இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், பறவை அசைந்த அந்த நொடியில் கேமரா தானாகவே கிளையைத்தான் பிடிக்கிறது.