புதுக்கோட்டை–திருச்சி நெடுஞ்சாலையில் மாருதி 800-இன் பெட்ரோல் நுகர்வு: ஒரு மீள்வாசிப்பு

ஆய்வுப் பொருள் ஒரு பழைய மாருதி 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். 1983 டிசம்பரில் இந்தியச் சாலையில் இறங்கி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன இனத்தைச் சேர்ந்தது. ஆய்வுக் களம், புதுக்கோட்டையில் தொடங்கி திருக்கோகர்ணம், நார்த்தாமலை விலக்கு, கீரனூர், மாத்தூர் வழியாகத் திருச்சிக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் சாலை. போக வர நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆய்வின் கால எல்லை, அடுத்த எஃப்.சி. வரை.

இத்துறையில் முன்னாய்வுகள் இல்லாதது வியப்புக்குரியது. புதுக்கோட்டை கல்வெட்டுக்குப் பேர்போன மண். சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் 1929-லேயே நூலாகத் தொகுக்கப்பட்டுவிட்டன. பெட்ரோல் பங்க் ரசீதுகளைத்தான் எவரும் தொகுக்கவில்லை. தொகுக்கவும் முடியாது. குடுமியான்மலையில் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு ஆயிரம் ஆண்டு தாண்டியும் நிற்கிறது; டேஷ்போர்டில் வைத்த பங்க் ரசீதோ ஒரு கோடையைக்கூடத் தாங்காமல் வெற்றுத்தாளாகிவிடுகிறது. எனவே ஆய்வாளர் வாய்மொழி வழக்காறுகளையே நம்ப வேண்டியிருக்கிறது.

வாய்மொழி மரபில் மைலேஜ் ஒரு நிலையான எண் அன்று. ஒரே வண்டி, விற்க வரும்போது லிட்டருக்கு 20 கொடுக்கிறது. அதையே வாங்க வந்தவர் கணக்கில் 12. மைத்துனர் ஒரு கல்யாணத்துக்கு இரவல் கேட்கும் அன்று 8. ‘நம்ம வண்டி என்ன கொடுக்குதுன்னே பார்த்ததில்லப்பா’ என்று சொல்பவர் மட்டுமே உண்மை பேசுகிறார். ஆகவே ஆய்வின் முதல் வேலை அளவீடு. டேங்கை முழுக்க நிரப்பி, பங்க் துப்பாக்கி தானாக நின்ற இடத்தோடு நிறுத்தி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, சில நாள் ஓட்டி, அதே பங்க்கில் அதேபோல மறுபடி நிரப்பிப் பார்ப்பது. முந்நூறு ரூபாய்க்குப் போடுபவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. இவ்வகை வண்டிகளில் கிலோமீட்டர் முள் வண்டிக்கு முன்பே ஓய்வு பெற்றிருப்பதும் உண்டு. அப்போது தேசிய நெடுஞ்சாலையின் மஞ்சள் தலைக் கற்களே சான்று. இந்தக் கல்வெட்டுகளைப் படிக்கத் தொல்லியல் பட்டம் தேவையில்லை.

இனி கோட்பாடுகளுக்கு வருவோம். ‘அதிகாலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும்’ என்பது மிகப் பழைய கோட்பாடு. பத்து டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும் என்பது மெய்தான். ஆனால் பங்க்கின் டேங்க் தரைக்கடியில் புதைந்திருக்கிறது. புதுக்கோட்டை வெயில் மேலே மண்டையைப் பிளந்தாலும் கீழே காலைக்கும் மதியத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இக்கோட்பாட்டினர் இழப்பது ஒரு மணி நேரத் தூக்கம்.

அடுத்தது சுமைக் கோட்பாடு. டிக்கியில் கிடக்கும் வடகாட்டுப் பலாப்பழமே மைலேஜைத் தின்கிறது என்று இல்லத்தரசிகள் மீது பழி போடும் கோட்பாடு இது. 45 கிலோ கூடினால் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும் என்பது அமெரிக்க அரசு வெளியிட்ட கணக்கு. சிறிய காரில் இன்னும் கொஞ்சம் கூடும். அப்படியே வைத்தாலும் பலாப்பழம் நிரபராதி. மேலே எப்போதோ மாட்டி, இறக்க மறந்த கேரியர் அப்படியல்ல. காலியாக இருந்தாலும் காற்றை எதிர்த்து மல்லுக்கு நிற்கும்.

நியூட்ரல் பற்றிய சர்ச்சை சமய வரலாற்று மாணவர்களுக்குப் பழகியது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிட்டு ஆண்டவன் விட்ட வழி என்று உட்காருபவர்கள் தென்கலையார்: தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டிபோல, முயற்சி தங்களுடையதன்று. கியரை விடாமல் பற்றிக்கொண்டு இறங்குபவர்கள் வடகலையார்: தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்ட குரங்குக்குட்டி. நூலறிவு சொல்வது என்னவென்றால், ஊசிவழி பெட்ரோல் பீய்ச்சும் பிற்கால வண்டிகளில், கியரில் இறங்கும்போது பெட்ரோல் அறவே நின்றுவிடும். அங்கே வடகலையே வெல்கிறது. கார்புரேட்டர் வண்டியில் நியூட்ரல் சற்றே மிச்சம் பிடிக்கலாம், ஆனால் இன்ஜினின் பிடிமானம் போய்விடுவதால் பிரேக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டும். இச்சர்ச்சை நம் மாவட்டத்தில் முற்றவே இல்லை. காரணம், நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலை என்று ஊர்ப் பெயரில்தான் மலை. சாலை அடிவாரத்தோடு நழுவிவிடுகிறது.

எரிபொருளின் வேதியியலையும் தொட்டாக வேண்டும். 1996-இல் மூலிகைப் பெட்ரோலை நம்பிய மாநிலம் இது. இன்று பங்க்கில் வருவது உண்மையிலேயே தாவரம் கலந்தது, 20 சதவீத எத்தனால். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீத மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. ஆகவே ‘முன்ன மாதிரி இழுக்கலையே’ என்று புலம்பும் முதியவர்களை வயதின் தடுமாற்றம் என்று ஒதுக்கலாகாது. பழைய ரப்பர் ஹோஸ்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எத்தனாலுக்கும் அவற்றுக்கும் ஆகாது.

இனி களச் சான்று. பங்க் ஓரத்தில் காற்றுக் குழாயோடு குந்தியிருக்கும் பையன்தான் இத்துறையின் தலைசிறந்த அறிஞன்.

‘எவ்வளவுண்ணே வைக்க?’

‘இப்ப எவ்வளவு இருக்கு தம்பி?’

‘முன்னாடி ரெண்டும் பதினெட்டுண்ணே. பின்னாடி ஒண்ணுல பதினாலுதான். இதுலயாண்ணே திருச்சி போய்ட்டு வர்றீங்க?’

இரண்டு நிமிட வேலை. கம்பெனி சொன்ன அளவுக்கு வைத்ததும் ஸ்டீயரிங் இளகுகிறது. பெட்ரோல் டேங்கில் போடும் மாத்திரைகளுக்கும், குழாயில் கட்டும் காந்தத்துக்கும் கொட்டிய காசை இந்தப் பையனுக்கு டீயாக வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஊர் வந்து சேர்ந்ததும் இறங்கி, நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். மூன்று வெதுவெதுப்பாக, ஒன்று மட்டும் தோசைக்கல்லாக இருந்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது என்று பொருள். வழிநெடுக பிரேக்குக்குப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறோம். பிளக்கைக் கழற்றினால் நுனி செங்காவி கலந்த பழுப்பாக இருக்க வேண்டும். கரி பூசியதுபோல் இருந்தால் சோக் கம்பி முழுதாகத் திரும்பவில்லை, அல்லது ஏர் ஃபில்டரைத் தட்டிப் பல காலம் ஆகிறது. சித்தன்னவாசல் ஓவியத்தின் நிறங்களைப் பற்றி எழுதிய அறிஞர்கள் ஒருவரும் பிளக் நுனியைக் கவனிக்கவில்லை.

எல்லாவற்றையும் விஞ்சியது வலது காலின் பாதம். 1978-இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45–55 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 80-இல் போவதைவிட 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் என்று பங்க் சுவர்களில் பல்லாண்டாக எழுதிவைத்திருக்கிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்கு. மாருதி 800 போன்ற பெட்டி வடிவத்துக்கு அது பெரும் பாரம். ஐம்பது கிலோமீட்டரை 80-இல் கடக்க 38 நிமிடம், 50-இல் ஒரு மணி நேரம். மிச்சமாகும் 22 நிமிடத்தை 80-இல் போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆராய்ந்ததில், பெரும்பாலோர் கீரனூரில் டீ குடித்துக்கொண்டு நிற்பது தெரியவந்தது.

காற்று, பிரேக், பிளக், பாதம் நான்கும் சேர்ந்து 14 கொடுத்த வண்டியை 18-க்கு ஏற்றினால், நாளுக்கு நூறு கிலோமீட்டர், மாதம் 25 நாள் கணக்கில் ஏறக்குறைய 40 லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் நாலாயிரம். ரூபாய்க்கு 320 என்ற பழைய சமஸ்தானக் கணக்கில் இது 12,80,000 அம்மன் காசு. தொண்டைமான் காலத்தில் இதற்குத் தனியாக ஒரு கருவூலக் காவலர் வேண்டியிருந்திருக்கும்.

முடிவாக, நெடுஞ்சாலைப் பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள். நார்த்தாமலைப் பக்கம் இடது ஓரமாக 50-இல் ஊர்ந்துகொண்டு ஒரு பழைய வெள்ளைக் கார் தென்பட்டால் பின்னால் நின்று ஹார்ன் அடிக்காதீர்கள். வலப்பக்கம் வழி இருக்கிறது, பார்த்து முந்திக்கொள்ளுங்கள். ஹார்ன் கேட்டதும் ஆய்வாளரின் கால் தன்னையறியாமல் அழுந்துகிறது. அந்த டேங்கின் கணக்கு முழுவதும் பிழையாகிவிடுகிறது.